ஏழு மாத இரட்டையருடன் இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: விமானத்தையும் முதல் கிழமையையும் எப்படித் திட்டமிடுவது?

இணுவில் மகள், ஹரோ:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கு வருகிற பெப்ரவரியில் ஏழு மாதம் நிறைகிறது. மகளும் மகனும் 35ஆவது வாரத்தில் பிறந்தவர்கள். சிறிது காலம் விசேட பராமரிப்பில் இருந்தாலும், நுரையீரலில் குறையேதும் இல்லையென்று சொல்லியே வீட்டுக்கு அனுப்பினார்கள். என் தகப்பனாருக்குக் கிழமைதோறும் இரத்தச் சுத்திகரிப்பு நடப்பதால் அவரால் இங்கே வர முடியாது. பேரப்பிள்ளைகளை அவர் இதுவரை கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். ஆகவே எவ்வளவு சிரமமானாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டோம். போகலாமா, வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. போவதென்றால் எப்படிப் போவது என்பதே.

கொழும்புக்கு நேரடி விமானத்தில் போவதா, டோகாவிலோ டுபாயிலோ இறங்கி ஓய்வெடுத்துப் போவதா? விமானத்தில் இரண்டு தொட்டில்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்குமா? தாய்ப்பாலும் பால்மாவும் கலந்து கொடுக்கிறேன். ஊரில் எந்தத் தண்ணீரில் பால் கரைப்பது? டெங்குக் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் நெஞ்சை உலுக்குகிறது. இவற்றோடு இன்னொன்று: கணவருக்கு இரண்டு கிழமை விடுமுறைதான் கிடைக்கும் போலிருக்கிறது. நான் நான்கு கிழமை நிற்க விரும்புகிறேன். அவர் முதலில் திரும்பிவிட்டால், இரண்டு பிள்ளைகளையும் நான் தனியே விமானத்தில் கொண்டுவர முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இரட்டையரின் அப்பா, மில்டன் கீன்ஸ்:

சகோதரி, நீங்கள் கடைசியில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணச்சீட்டு வாங்குமுன் தீர்க்க வேண்டியது அதுதான். பெரியவர் ஒருவர் மடியில் ஒரு குழந்தையைத்தான் வைத்திருக்க அனுமதி உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட இருவரை ஒருவரே கொண்டுவருவதென்றால், இரண்டாவது குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற கார் சீற் ஒன்றில் அதைக் கட்டியிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் அதற்கும் சம்மதிப்பதில்லை. சம்மதித்தாலும், கழிப்பறைக்குப் போவதற்குக்கூடக் கைமாற்றிக் கொடுக்க ஆளில்லாத ஏறக்குறைய 11 மணி நேரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கணவரின் விடுமுறையை நீட்டிப்பது, அல்லது உங்கள் பயணத்தைச் சுருக்குவது, அல்லது திரும்பும்போது உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவருவது: இந்த மூன்றில் ஒன்றைத் தீர்மானித்த பின்னரே சீட்டை வாங்குங்கள்.

நேரடி விமானமா என்றால், என் பதில் தயக்கமில்லாமல் நேரடி விமானம்தான். இலண்டனிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் விமானம் இடைநிற்காமல் பறக்கிறது. வளைகுடா வழியாகப் போனால் சீட்டு மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் ஏற்றமும் இறக்கமும் இரண்டு மடங்காகும். குழந்தைகளுக்குக் காது வலிப்பது விமானம் பறக்கும்போதல்ல, உயரம் மாறும்போது, அதிலும் இறங்கும்போதுதான் அதிகம். அதோடு, வாசலில் ஒப்படைத்த தள்ளுவண்டி இடைநிறுத்த விமான நிலையத்தில் கைக்கு வராமல் நேரே கொழும்புக்குப் போய்விடுவதும் உண்டு. அப்போது இருவரையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, பைகளையும் சுமந்தபடி நள்ளிரவில் அடுத்த வாசலைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். எந்த வழியால் போனாலும், நெஞ்சில் கட்டும் குழந்தைப்பை ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

தொட்டில் விடயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வோர் இருக்கைத் தொகுதிக்கு மேலும் இருக்கைகளின் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் ஒரேயொரு ஒட்சிசன் முகமூடிதான் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரே தொகுதியில் மடிக்குழந்தைகள் இருவரை அமர்த்த அனுமதிப்பது அரிது. நீங்கள் நடைபாதையின் ஒரு பக்கத்திலும் கணவர் மறுபக்கத்திலும் இருக்கும்படிதான் இடம் கிடைக்கும். அது நல்லதே, ஒருவர் அழுதால் மற்றவர் உடனே எழும்பும் வாய்ப்புக் குறையும். தொட்டில் மாட்டும் இடங்கள் மிகச் சிலவே இருப்பதால், சீட்டு வாங்கிய அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இரட்டைக் குழந்தைகள், தொட்டில் இரண்டு" என்று பதிவில் எழுதச் செய்து, எழுத்தில் உறுதிப்படுத்தலும் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டிலுக்கான நிறை எல்லையும் நீள எல்லையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதையும் அப்போதே கேளுங்கள். ஆசனப்பட்டி விளக்கு எரியும்போதெல்லாம் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பட்டி போட வேண்டும் என்பதால், இரவு முழுவதும் தொட்டிலிலேயே தூங்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விமானத்துக்குள் கொடுக்க, கரைக்கத் தேவையில்லாத திரவப் பால் பெட்டிகளையே கொண்டுபோங்கள். பால்மாவை 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடுள்ள தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். விமானப் பணியாளர் தரும் வெந்நீர் அந்தச் சூட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குழந்தைகளுக்கான பாலுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பிரித்தானிய விமான நிலையங்களில் கிடையாது. பாதுகாப்புச் சோதனையில் திறந்து பார்க்கக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் உறையவைத்த தாய்ப்பாலைக் கைப்பொதியில் விடமாட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து, தரையிறங்கிய பின் தங்கும் அறை வரைக்குமான மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, அதற்கு மேல் பாதியளவு கூடுதலாக எடுத்துவையுங்கள்.

இறங்கும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் சில்லுகள் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். இயந்திரத்தின் ஓசை தணிந்து, மூக்கு மெல்லச் சரிவதை உங்கள் உடம்பே உணரும். பால் கொடுக்க வேண்டிய வேளை அதுதான். ஆசனப்பட்டி அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். அதற்கு முந்திய பாலை ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடித்துவைத்தால்தான் இருவருக்கும் அப்போது பசி இருக்கும். ஒருவரை நீங்களும் மற்றவரைக் கணவரும் பிடித்து, குழந்தை நிமிர்ந்த நிலையில் மெதுவாக உறிஞ்சி விழுங்கும்படி கொடுங்கள். விழுங்கும் ஒவ்வொரு முறையும் காதின் உட்குழாய் திறந்து அழுத்தம் சமப்படும். அழுதாலும் அதேதான் நடக்கும் என்பதால், அழும் பிள்ளையை எண்ணி அளவுக்கு மீறிக் கலங்க வேண்டாம்.

கடவுச்சீட்டும் இணையவழிப் பயண அனுமதியும் ஆளுக்கொன்று தேவை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளையும், கணவர் உடன் இல்லாமல் திரும்புவதாக இருந்தால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் வைத்திருங்கள்.

சிறுவர் தாதி, லெஸ்ரர்:

தங்கச்சி, மேலே அந்தச் சகோதரர் விமானத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் பெற்றோர் பலர் முழுக் கவலையையும் விமானத்திலேயே செலவழித்துவிட்டு, போய் இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதை உறவினரிடம் விட்டுவிடுகிறார்கள். விமானம் ஓர் இரவில் முடிந்துவிடும். பிள்ளைகளின் நலம் தங்கியிருப்பது தண்ணீரிலும் நுளம்பிலும்தான். உங்கள் திட்டத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே போக வேண்டும்.

முதலில் தடுப்பூசி. பயணத்துக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே குடும்ப வைத்தியரிடமோ பயண மருத்துவ நிலையத்திலோ நேரம் எடுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் தடுப்பூசிகள் பிறந்த நாளிலிருந்து எண்ணப்படும் வயதுப்படியே போடப்படும். சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசியை வழக்கமாக ஒரு வயதில்தான் போடுவார்கள்; ஆனால் நோய் பரவும் நாட்டுக்குப் போகும் குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம். இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டபோதும் 2023இல் அங்கே மீண்டும் பரவல் ஏற்பட்டது, எனவே இதைக் கட்டாயம் கேளுங்கள். முன்கூட்டிப் போடும் அந்த ஊசி கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பின் வழக்கமான இரண்டையும் போட வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். மஞ்சட்காமாலை ஏ, தைபோயிட் ஆகியவற்றுக்கு இந்த வயதில் ஊசி போடுவதில்லை. அந்த நோய்களிலிருந்து பிள்ளைகளைக் காப்பது தாய்ப்பாலும், கொதித்த தண்ணீரும், பிள்ளையைத் தூக்குபவரின் கழுவிய கையும்தான். தாய்ப்பாலை இந்தப் பயணம் முடியும்வரை குறைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லோரும் "நல்லாய்க் கொதிக்கவைத்தால் சரி" என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல் படுகையில் தேங்கும் மழைநீரை நம்பியிருப்பவை. தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அந்தக் கல்லின் வெடிப்புகள் ஊடாக இலகுவாக நிலத்தடி நீரில் கலந்துவிடுகின்றன. அதனால் தோட்டச் செய்கை மிகுந்த இடங்களின் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை, அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று என்னும் உப்பு மீறியிருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் சிறு குழந்தைகளை எண்ணியே வகுக்கப்பட்ட எல்லை அது. உடம்பில் நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைப்பதால் கிருமிகள் சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சாதாரண வடிகட்டியாலும் அதை நீக்க முடியாது. ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கே ஆபத்து மிகுதி. உங்கள் பிள்ளைகள் ஐந்து கிழமை முந்திப் பிறந்தவர்கள் என்பதால், பெப்ரவரியிலும் அவர்களை அந்த வயதினராகவே எண்ணி நடப்பது பாதுகாப்பு. கிணற்று நீரில் குளிப்பாட்டலாம். பால் கரைக்க வேண்டாம்.

நம்பகமான போத்தல் தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குமேல் ஆறவிடாமல் பாலைக் கரைத்து, பின்னர் போத்தலைக் குளிர்ந்த நீரில் வைத்து இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். போத்தலின் சுட்டியில் சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராமுக்கும் சல்பேற்று 250 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். கரைத்த பாலை அறையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு பிள்ளை குடித்து மிஞ்சியதை மற்றதற்குக் கொடுக்கவும் கூடாது.

இனி நுளம்பு. மலேரியாவை எண்ணி அஞ்சத் தேவையில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. டெங்குவைத்தான் கவனிக்க வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வடக்கில் மாரி மழையை ஒட்டி, மார்கழி, தை மாதங்களில் நோய் உச்சத்துக்குப் போவது வழக்கம் என்பதால், பெப்ரவரி முடிவில் போக முடிந்தால் தொடக்கத்தைவிட நல்லது. இந்த நுளம்பு பகலில் கடிக்கும், அதிலும் விடியலை ஒட்டியும் பொழுது சாயுமுன்னும் அதிகம் கடிக்கும். இலண்டன் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய ஊரில், முதல் நாட்களில் உங்கள் பிள்ளைகள் நள்ளிரவு தாண்டித்தான் தூங்குவார்கள், காலையில் வெயில் ஏறும்வரை எழும்ப மாட்டார்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள், விடியலில் அவர்கள் வலைக்குள் இருப்பது நன்மையே. பகலில் விழித்திருக்கும்போது, அதிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகு விறாந்தையில் வைத்திருக்கும்போது, கையும் காலும் மூடிய மெல்லிய பருத்தி உடுப்பும் நுளம்பு விரட்டும் பூச்சும் தேவைப்படும். டீட் (DEET) என்னும் நுளம்பு விரட்டி மருந்து கலந்த பூச்சுகளை, 50 சதவீதம் வரை, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பூசலாம் என்பதே பிரித்தானிய வழிகாட்டல். முதலில் உங்கள் கையில் எடுத்துப் பிறகு பிள்ளைக்குத் தடவுங்கள். விரல்களிலும் வாயைச் சுற்றியும் வேண்டாம். எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய்ப் பூச்சு இயற்கையானது என்று யாராவது தந்தாலும், மூன்று வயதுக்குமுன் அதைப் பாவிக்கக் கூடாது.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில். இங்கே வீட்டில் வைத்திருக்கும் ஐபுபுரோஃபனைக் கொண்டுபோகவே வேண்டாம். டெங்குவில் அது இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்தானவை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் பிள்ளை சோர்ந்து, தொடர்ந்து வாந்தி எடுத்து, சிறுநீரும் குறைந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கோண்டாவிலிலிருந்து ஓர் அம்மம்மா:

பிள்ளை, வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு எங்களுடையது. ஆதலால் இந்தப் பக்கத்து ஆயத்தங்களைப் பற்றி எழுதுகிறேன். இதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நுளம்பு ஒழிப்பை நீங்கள் வந்த பிறகு தொடங்கினால் பயனில்லை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை போதும் என்பதால், வருமுன்பிருந்தே கிழமைக்கொரு தடவை வீட்டைச் சுற்றிவர வேண்டும். பூச்சாடித் தட்டு, சிரட்டை, தயிர்ச்சட்டி எல்லாம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது இரண்டு: கூரைப் பீலியில் இலை அடைத்து நிற்கும் தண்ணீர், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு. அந்தத் தட்டை இழுத்துப் பார்த்தால், சிறு நூல்போன்ற புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சுவாங்கிவிட்டுக் கீழே போவதைக் காணலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், உரஞ்சிக் கழுவ வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தாதிப் பிள்ளை எழுதியது முழு உண்மை. சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்குப் பிறகு எங்கள் சனங்களும் கிணற்றை முன்போல நம்புவதில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். எப்படியும் பிள்ளைகளின் பாலுக்குப் போத்தல் தண்ணீர்தான் நல்லது.

பம்பேர்ஸ், பால்மா எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம். முதல் மூன்று நாளுக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும். ஆனால் பிள்ளைகள் குடித்துப் பழகிய பால்மா அதே வகையில் இங்கே கிடைக்காமல் போகலாம், ஆகவே அதை மட்டும் முழுவதற்கும் கொண்டுவாருங்கள். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூள் பைக்கற் எந்தப் பாமசியிலும் இருக்கும். அதற்குப் பதிலாக இளநீர் கொடுக்கச் சொல்லி அயலவர் சொன்னால் கேட்க வேண்டாம். தேனை ஒரு வயது வரைக்கும் நாவில் தொட்டும் வைக்கக் கூடாது. கண்ணுக்கு மை பூச வேண்டாம், நெற்றியில் சிறு பொட்டோடு நிற்கட்டும். இதையெல்லாம் வருகிற பெரியவர்களுக்கு நீங்கள் சொன்னால் மனம் நோவார்கள். உங்கள் அம்மாவே சொல்லட்டும், வீட்டுக்காரியின் சொல்லுக்கு மறுப்பு இராது. இருமலோடு வருகிறவர்களை வாசலிலேயே அன்பாகப் பேசி அனுப்புவதும் அம்மாவின் பொறுப்பு.

இணுவில் மகள்:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணவர் சம்பளமில்லாத விடுப்பு ஒரு கிழமை கேட்டிருக்கிறார். மூன்று கிழமை நின்று நால்வரும் சேர்ந்தே திரும்புவது என்று முடிவெடுத்துவிட்டோம். பயணத்தையும் பெப்ரவரி கடைசிக்கு மாற்றுகிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். கட்டுநாயக்காவில் இறங்கியவுடன் வான் வண்டி பிடித்து யாழ்ப்பாணம் புறப்படலாமா? பிள்ளைகளைப் படுக்கவைக்க அம்மா சேலையில் இரண்டு ஏணை கட்டி வைத்திருப்பதாகச் சொல்கிறார், அது சரியா?

இரட்டையரின் அப்பா, மில்டன் கீன்ஸ்:

அன்றே புறப்பட வேண்டாம், சகோதரி. நண்பகலளவில் இறங்கினால் பொதி எடுத்து வெளியே வரவே நேரமாகிவிடும். பிறகு ஏழெட்டு மணி நேர ஓட்டம் இரவுக்குள் போய்விடும். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் குளிரூட்டிய அறையில் இரண்டு இரவு தங்குங்கள். பிறகு காலையில் வெளிக்கிட்டு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பிள்ளைகளைக் கார் சீற்றிலிருந்து எடுத்து நீட்டிப் படுக்கவையுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களை வளைந்த நிலையில் நெடுநேரம் இருத்தக் கூடாது. கார் சீற் இரண்டையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வான் வண்டியை வாடகைக்குப் பேசும்போது பின்னிருக்கைகளில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பட்டி இருக்கிறதா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். பட்டி இல்லாத வான் வண்டியில் கார் சீற்றைப் பொருத்தவே முடியாது.

சிறுவர் தாதி, லெஸ்ரர்:

ஏணையில் பகலில், யாராவது பக்கத்தில் இருந்து ஆட்டும்போது, சிறிது நேரம் கிடக்கலாம். இரவுத் தூக்கத்துக்கு அது வேண்டாம்: துணி வளைவதால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுவழி ஒடுங்கலாம், புரளத் தொடங்கிய பிள்ளை விழவும் கூடும். மடித்து விரிக்கும் பயணத் தொட்டில் இரண்டு, உறுதியான சமமான மெத்தை, மேலே தொட்டிலை முழுதும் மூடும் நுளம்பு வலை, அவ்வளவே போதும். தலையணையோ போர்வையோ வேண்டாம்; ஒரு மெல்லிய பருத்திச் சட்டை மட்டும் போட்டு, மின்விசிறியை முகத்துக்கு நேரே அல்லாமல் அறைக்குள் காற்று சுழலும்படி வையுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்ட வேண்டாம், மாலையிலும் ஒருதரம் குளிப்பாட்டினால் தணியும்.

கடைசியாக, உங்கள் இருவரின் கைபேசியிலும் 1990 என்ற எண்ணைப் பதிந்துவையுங்கள். அது நாடு முழுவதும் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஒழுங்கையின் பெயரையும் அருகிலுள்ள கோயிலையும் தாளில் எழுதிக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், அவசரத்தில் வழி சொல்ல வேண்டியவர் அவராகவும் இருக்கலாம்.